பதினான்கு குழிகளின் பூர்வீகம்

புறநானூற்றின் 52-ஆம் பாட்டில் பாழடைந்த மன்றம் ஒன்று வருகிறது. அரசனின் சினத்துக்கு ஆளான பகைநாட்டு ஊர் அது. பலியிடுவார் இல்லாமல் போன அந்த மன்றத்தில் முன்பு நரைத்த கிழவர்கள் உட்கார்ந்து வல்லு ஆடியிருக்கிறார்கள். காய் வைத்து வைத்துத் தரை குழிந்திருக்கிறது. ஊர் ஒழிந்த பிறகு அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டு நிறைத்துவிட்டது. மருதன் இளநாகனார் பாடியது. ஒரு நாடு அழிந்ததைச் சொல்ல அவருக்குக் கோட்டையோ கொடியோ தேவைப்படவில்லை. ஆட்டக் குழியில் காய் இருந்த இடத்தில் முட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் குழிகள் எத்தனை, எத்தனை வரிசை, காயை எப்படி நகர்த்தினார்கள் என்று பாட்டில் இல்லை. வல்லு என்பதற்கு உரைகாரர்கள் சூது என்று பொருள் கொள்கிறார்கள். காய்க்குப் புலவர் வழங்கும் பெயர் 'நாய்'. இது பல்லாங்குழியின் முன்னோடி என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் குழி இருப்பதாலேயே அது பல்லாங்குழி ஆகிவிடாது. மரப்பலகை ஆட்டங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போகிறவர்களை வழிதவற வைத்தது பெரும்பாலும் இந்த ஆசைதான். பலகையைப் பார்த்ததும் ஆட்டத்தைக் கண்டுவிட்டதாக நம்புகிறோம். பலகை வேறு, ஆட்டம் வேறு. இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

முதலில் மரம். ஈராக்கில் ஊர் என்னும் பழைய நகரின் அரச கல்லறைகளை 1920களில் லெனார்ட் வூலி தோண்டியபோது 20 கட்டங்கள் கொண்ட ஆட்டப் பலகைகள் கிடைத்தன. ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமை. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பளபளக்கும் அந்தப் பலகையில் பழைய மரம் இல்லை. மரம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதன்மேல் பதித்திருந்த சிப்பியும் நீலக்கல்லும் கிடந்த வரிசையிலேயே கிடந்ததால்தான் பலகையின் வடிவம் தெரிந்தது. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையில் செனெட் ஆட்டப் பெட்டிகள் மரமாகவே பிழைத்திருந்ததற்குக் காரணம் பாலைவனத்தின் வறட்சி. நம் ஊரில் அந்த வறட்சி கிடையாது. ஐப்பசி மழையும் கரையானும் இருக்கிற நாட்டில் ஒரு பலாமரப் பலகை நான்கு தலைமுறை தாண்டினால் அது பெரிய காரியம். கீழடியில் தாயக்கட்டை கிடைத்தது, ஆட்டக்காய்கள் கிடைத்தன, சுட்ட மண் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சுட்ட மண்ணும் தந்தமும் எஞ்சின. மரத்தில் ஏதாவது இருந்திருந்தால் அது மக்கியிருக்கும். ஆகவே, 'பழைய மரப்பலகை கிடைக்கவில்லை, எனவே பழங்காலத்தில் ஆட்டம் இல்லை' என்ற வாதத்தை இந்த மண்ணில் யாரும் வைக்க முடியாது. இருந்தது என்று சாதிக்கவும் அதே மண் இடம் தராது.

ஊர் நகரத்துப் பலகையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அதை எப்படி ஆடினார்கள் என்பது பலகையிலிருந்து தெரியவே இல்லை. கி.மு. 177-ஐ ஒட்டிப் பாபிலோனில் ஓர் எழுத்தர் களிமண் பலகையில் ஆட்டவிதிகளை எழுதி வைத்திருந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபின்கெல் அதைப் படித்துச் சொன்ன பிறகுதான் பலகைக்கு உயிர் வந்தது. அதே ஃபின்கெல் இன்னொரு தடத்தையும் பிடித்தார். கொச்சியில் வாழ்ந்த யூதப் பெண்கள், 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயரும்வரை, 20 கட்டங்கள் கொண்ட மரப்பலகையில் ஓர் ஆட்டம் ஆடிவந்திருக்கிறார்கள். அது ஊர் நகரத்து ஆட்டத்தின் வழிவந்தது என்பது அவர் கருத்து. மெசபடோமியாவில் மறந்துபோன ஆட்டம் மலையாளக் கரையில், வீட்டுப் பெண்களின் கையில் தங்கியிருந்தது என்றால், அதை அங்கே கொண்டுவந்து சேர்த்தது பலகை அல்ல. ஆடத் தெரிந்த ஆட்கள்.

அடுத்தது கல். மரம் போல அல்லாமல் கல் நிலைக்கிறது. ஆனால் கல் பொய் சொல்லும். எகிப்தில் தீப்ஸ் நகர் எதிரே குர்னா கோயிலின் கூரைக் கற்களில் பலவகை ஆட்டக் கோடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர் 1909-இல் வெளியிட்ட பழைய இலங்கை பற்றிய நூலில் அவற்றை எடுத்துப் பேசினார். கோயில் கட்டிய காலமே கோடு வெட்டிய காலம் என்று கொண்டால் அவற்றுக்கு 3,000 ஆண்டுக்கு மேல் வயது. அதை நம்பிப் பல நூல்கள் எழுதப்பட்டன. பிறகு பார்த்தவர்கள் அதே கற்களில் காப்டிக் கிறித்தவச் சிலுவைகளும் செதுக்கியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். கோயில் பாழான பின் வந்தவர்கள், பொழுது போகாமல் வெட்டியதாகவும் இருக்கலாம் அல்லவா?

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு எகிப்து வேண்டியதில்லை. நம் கோயில்களின் திருச்சுற்று மண்டபத் திண்ணைகளை உற்றுப் பாருங்கள். ஆடு புலி ஆட்டத்தின் முக்கோணக் கோடுகளும், இரண்டு வரிசைக் குழிகளும் தென்படும். ஹம்பியின் கல் மேடைகளிலும் உண்டு. மண்டபம் சோழன் கட்டியது என்பதற்காகக் குழியையும் சோழன் காலத்தில் தோண்டினார்கள் என்று யாரும் சொல்லமாட்டோம். காவலுக்கு இருந்தவர், மழைக்கு ஒதுங்கியவர், திருவிழாவுக்கு வந்து இரவு தங்கியவர் என்று யாரும் எந்த நூற்றாண்டிலும் அதைக் குடைந்திருக்கலாம். குழிக்குக் கல்வெட்டு கிடையாது.

இருந்தும் பல்லாங்குழிக் குடும்பத்தின் தொன்மையைப் பற்றிய பேச்சு முழுவதும் இப்படிப்பட்ட கற்களின் மேல்தான் நிற்கிறது. உலக ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தை மன்கலா என்கிறார்கள். 'இடம் மாற்றுதல்' என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்த பெயர். ஜோர்டானின் ஐன் கஸல் என்னும் புதிய கற்கால ஊரில் இரண்டு வரிசைக் குழிகளுடன் ஒரு சுண்ணாம்புக்கல் கிடைத்தது. ஏறத்தாழ 8,000 ஆண்டு முந்தையது. இதுவே உலகின் முதல் மன்கலா பலகை என்று 1990களில் சொல்லப்பட்டது. கொட்டை உடைக்கவும் எண்ணிக்கை வைக்கவும்கூட மனிதர்கள் கல்லில் குழி தோண்டுவார்கள் என்பதால் இதை நான் ஏற்கத் தயங்குகிறேன். எரித்ரியாவின் மதரா, எத்தியோப்பியாவின் யேஹா ஆகிய அக்சும் காலத்து ஊர்களில் கிடைத்தவற்றை ஆய்வாளர்கள் கி.பி. 6 முதல் 8 வரையான நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள். இன்றும் அதே நிலத்தில் கெபெத்தா என்ற பெயரில் குழி ஆட்டம் உயிரோடு இருப்பதால் இந்தச் சான்றுக்கு ஐன் கஸலைவிடக் கனம் அதிகம். கல் மட்டும் இருந்தால் ஐயம். கல்லும் இருந்து, பக்கத்தில் ஆடுகிறவரும் இருந்தால் கொஞ்சம் நம்பலாம்.

ஆகவே ஆடுகிறவரிடம் போவோம். எங்கள் வீட்டில் இருந்தது பலாமரப் பலகை. நடுவில் கீல் வைத்து மடக்கும் வகை. அப்பத்தா சீராகக் கொண்டுவந்தது. மடக்கினால் உள்ளே காய்கள் குலுங்கும். காய் என்பது புளியங்கொட்டை. சோழி வைத்தும் ஆடுவோம், ஆனால் சோழியை அப்பத்தா தாயத்துக்கென்று எடுத்து வைத்துவிடுவாள். குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்து ஆடுகிற வீடுகள் உண்டு. குன்றிமணி தட்டான் கடையில் பொன் நிறுத்தது, பிள்ளைகள் கையில் முத்து ஆனது. அதன் உள்ளிருக்கும் பருப்பு கொடிய நஞ்சு என்பதால் வாயில் போடாதே என்ற அதட்டலும் ஆட்டத்தோடு சேர்ந்தே வரும்.

ஏழு ஏழாக இரண்டு வரிசை, 14 குழி. குழிக்கு ஐந்து காய் என்றால் மொத்தம் 70. ஆளுக்கு 35. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி வெறும் குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு வெறும் குழி வந்தால் ஒன்றும் கிடையாது. ஆட்டம் கை மாறும். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு குழியில் சரியாக நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழிக்குரியவர் உடனே எடுத்துக்கொள்ளவேண்டும். கவனிக்காமல் விட்டால் அடுத்த சுற்றில் ஐந்தாம் காய் விழுந்து பசு போய்விடும். எட்டு வயதுப் பிள்ளை பெரியவர்களை வெல்வது இங்கேதான். பசுவைக் காண்பதற்குக் கணக்கு தெரியவேண்டாம், கண் வேண்டும்.

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு உலகைச் சுற்றினால் கற்கள் சொல்லாததெல்லாம் தெரிய வருகிறது. வியட்நாமில் பிள்ளைகள் தரையில் கோடு கிழித்து ஆடும் 'ஓ அன் குவான்' என்ற ஆட்டம் உண்டு. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, இரு முனையிலும் பெரிய அதிகாரிக்கு ஒவ்வோர் இடம். பார்வைக்குப் பல்லாங்குழிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் காய் தீர்ந்தால் அடுத்ததை அள்ளுவதும், அடுத்தது வெறுமையானால் அதற்கு அடுத்ததைக் கைப்பற்றுவதும் அப்படியே நம் விதி. மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போனால், பெரியவர்கள் ஆடும் ஒவாரே என்ற ஆட்டத்தில் எதிரியின் குழியில் இரண்டோ மூன்றோ ஆக்கினால்தான் காய் கிடைக்கும். அதே நாட்டில் பெண்களும் குழந்தைகளும் ஆடுவதாகப் பதிவாகியிருக்கும் 'பா-அவா'வில், சுற்றி வரும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் குழிக்குரியவர் எடுத்துக்கொள்கிறார். அதாவது பசு. பசு என்ற சொல் இல்லாத பசு.

இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா கடலையே பார்த்ததில்லை. கானாவில் ஒரு கிழவி அவள் எதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் ஒரு சொல்கூடப் பொதுவாக இருக்காது. நான்கு சேர்ந்ததும் இருவர் கையும் ஒரே குழிக்கு நீளும்.

இந்த ஒற்றுமை எப்படி வந்தது? ஆப்பிரிக்காவே தாயகம் என்பாருக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. ஒரு மொழிக்குடும்பத்தின் கிளைகள் எங்கே மிகுந்திருக்கின்றனவோ அங்கேதான் அதன் வேர் இருக்கும் என்று மொழியியலார் சொல்வதைப் போல, மன்கலாவின் வகைகள் ஆப்பிரிக்காவில்தான் மிகுதி. நான்கு வரிசைப் பலகைகள் ஆப்பிரிக்க மண்ணுக்கே உரியவை. சான்சிபார் கரையின் பாவோவிலும் உகாண்டாவின் ஒம்வேசோவிலும் நான்கு வரிசையில் எட்டு எட்டாக 32 குழி, 64 காய். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவர்ட் கியூலின் 1890களிலேயே இதை ஆப்பிரிக்காவின் தேசிய விளையாட்டு என்றார். 1952-இல் ஆங்கிலேயர் எச்.ஜே.ஆர். மரே சதுரங்கம் அல்லாத பலகை ஆட்டங்களின் வரலாற்றை எழுதியபோது மன்கலாவின் எண்ணற்ற வகைகளைத் தொகுத்தார். ஆசியாவே தாயகம் என்பாரும் இருக்கிறார்கள். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இரண்டு வரிசைதான் எங்கும் பரவலாக இருக்கிறது, எளியதே முந்தியது என்பது அவர்கள் கட்சி.

என் மனம் ஆப்பிரிக்கப் பக்கம் சாய்கிறது. ஆனால் வகை மிகுந்திருப்பதற்குப் பழமை மட்டும் காரணமாக இருக்க முடியாது, ஈடுபாடும் காரணமாக இருக்கலாம். பாவோவை ஊர்ப் பெரிய ஆண்கள், தேர்ந்த ஆட்டக்காரன் என்ற பெயருக்காக ஆடினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் விதிகள் நுணுகிக்கொண்டே போகும். நம்மிடம் அது பெண்கள், பிள்ளைகள் ஆட்டமாக, அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே நின்றுவிட்டது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும் ஆட்டத்தில் விதியை மாற்றுவதைவிடக் காப்பாற்றுவதே இயல்பு. எனவே வகைகளின் எண்ணிக்கையைக் கொண்டு தாயகத்தை முடிவு செய்தால், ஆடியவர்கள் யார் என்பதை மறந்தவர்கள் ஆவோம்.

பயணம் எப்படி நடந்தது என்பதற்கு மட்டும் மறுக்க முடியாத சான்று ஒன்று உண்டு. அட்லாண்டிக் கடலைத் தாண்டி அடிமைகளாகக் கடத்தப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்கள் கரீபியத் தீவுகளில் இறங்கியபோது கையில் ஒன்றும் இல்லை. உடுத்தியதும் சொந்தமில்லை. ஆண்டிகுவாவிலும் பார்படாஸிலும் இன்றும் வாரி என்ற பெயரில் ஒவாரே ஆடப்படுகிறது. 12 குழி, 48 காய், இரண்டு மூன்றுக்குக் கைப்பற்றல் என்று எல்லாம் அதே. பலகை கப்பலேறவில்லை. ஆட்டம் ஏறியது. மண்ணில் குழி தோண்ட விரலும், எண்ணிப் போடக் கூழாங்கல்லும் போதும் என்றால் அது எந்தக் கடலையும் தாண்டும். மாலத்தீவுச் சோழி வங்கத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நாணயமாகப் போன இந்தியப் பெருங்கடலில், சோழியை எண்ணிப் போடும் ஓர் ஆட்டம் எந்தத் திசையிலும் போயிருக்கலாம். மலாய், ஜாவா கரைகளின் சொங்காக், பிலிப்பைன்ஸின் சுங்கா ஆகியவற்றிலும் பக்கத்துக்கு ஏழு குழிதான் பரவலான அமைப்பு. ஆனால் இரு முனையிலும் களஞ்சியக் குழி இருக்கிறது. நம் பலகையில் களஞ்சியம் கிடையாது, மடிதான் களஞ்சியம்.

விதி இப்படி ஊர் ஊராகப் போகிறது. சொல் பெரும்பாலும் போவதில்லை. போகிற ஊர்களில் பெரும்பாலும் விதி புதுச் சொல்லை உடுத்திக்கொள்கிறது. ஆகவே ஒரு மக்கள் இந்த ஆட்டத்தைத் தமக்குரியதாக ஆக்கிக்கொண்ட விதத்தை அறியச் சொற்களைத்தான் கேட்கவேண்டும். தெலுங்கர் இதை வாமன குண்டலு என்றார்கள், வாமனன் பள்ளங்கள். கன்னடத்தில் அளகுளி மணெ. சிங்களவருக்கு ஒலிந்த கெலிய. ஒலிந்த என்றால் குன்றிமணி, காயின் பெயரே ஆட்டத்தின் பெயர். துளு நாட்டில் சென்னெ மணெ. அங்கே ஆட்டத்துக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. சிரி என்னும் துளுக் காப்பியத்தில் அப்பகெ, தாரகெ என்ற இரட்டைச் சகோதரிகள் சென்னெ ஆடும்போது சண்டை மூண்டு, ஒருத்தி மற்றவளைப் பலகையால் அடித்துக் கொன்றுவிட்டுத் தானும் கிணற்றில் விழுகிறாள். உடன்பிறந்த பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து சென்னெ ஆடக்கூடாது என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. எண்ணிப் போடும் ஓர் ஆட்டத்துக்குள் பங்காளிப் பகையின் விதை இருக்கிறது என்பதைத் துளுவர் கண்டுகொண்டார்கள்.

தமிழில் தேவநேயப் பாவாணர் இந்த வேலையைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து அவர் எழுதிய நூலில் பல்லாங்குழியின் பெயருக்கும் விளக்கம் தேடினார். பதினான்கு குழி என்பது பன்னாங்குழியாகி, பின் பல்லாங்குழியாயிற்று என்பது அவர் முடிவு. தென்மாவட்டங்களில் இன்றும் பன்னாங்குழி என்று சொல்லக் கேட்கிறோம் என்பதால் இது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. வேர்ச்சொல்லைவிட ஆட்டத்துக்குள் வழங்கும் சொற்களைக் குறித்து வைத்ததுதான் இன்று நமக்குப் பெரிய உதவி. அவற்றில் ஒன்று 'கஞ்சி காய்ச்சுதல்'.

அது என்னவென்று சொல்ல, ஒரு சுற்றின் முடிவைப் பார்க்கவேண்டும். எனக்கு 47 காய் கிடைத்தது, உங்களுக்கு 23 என்று வையுங்கள். மறு சுற்றுக்கு நான் ஏழு குழியையும் ஐந்தைந்தாக நிரப்பிவிட்டு 12-ஐ மடியில் வைத்துக்கொள்வேன். நீங்கள் நான்கு குழியைத்தான் நிரப்ப முடியும். மூன்று காய் மீதி, மூன்று குழி வெறுமை. அந்த வெறும் குழிகள் ஆட்டத்திலிருந்தே விலக்கப்படும். நிலம் குறைந்தவருக்கு விளைச்சலும் குறையும். தோற்கத் தோற்க இன்னும் தோற்பீர்கள். கடைசியில் ஒரு குழிக்கு ஐந்து என்று வைக்கக்கூட வழியில்லாதபோது, குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடச் சம்மதிப்பார்கள். அதுதான் கஞ்சி காய்ச்சுவது. சோறு தீர்ந்த வீட்டின் சொல்.

'அறியப்படாத தமிழகம்' நூலில் தொ. பரமசிவன் இந்த இடத்தைத்தான் தொட்டார். சமமாகத் தொடங்கும் இருவரில் ஒருவர் எல்லாவற்றையும் இழந்து, மற்றவர் எல்லாவற்றையும் சேர்க்கும் ஆட்டம் இது. பழைய பொதுவுடைமை குலைந்து தனியுடைமை பிறந்ததன் தடம் இதில் இருக்கிறது. கால்நடையே செல்வமாக இருந்த காலத்தின் நினைவே பசு என்ற பெயர் என்பது அவர் வாசிப்பு. ஒரு சிறுபிள்ளை விளையாட்டுக்குள் இவ்வளவு பெரிய வரலாற்றைப் பார்த்த வேறு தமிழ்க் கட்டுரையை நான் படித்ததில்லை. ஆனால் அதில் ஒரு பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது. நான்கு சேர்ந்தால் எடுப்பது என்ற விதி கானாவிலும் இருக்கும்போது, அந்த விதி தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றிலிருந்து முளைத்தது என்று சொல்ல முடியாது. விதி வந்தது. வந்த விதிக்குப் பசு என்று பெயரிட்டதும், தோல்விக்குக் கஞ்சி என்று பெயரிட்டதும் இந்த ஊர்ப் பெண்கள். தம் வீட்டில் என்ன செல்வம், என்ன வறுமை என்பதை அந்தப் பெயர்களில் அவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். தொ.ப.வின் வாசிப்பு விதிக்குப் பொருந்தாமல் போகலாம். சொல்லுக்கு முழுக்கப் பொருந்துகிறது.

ஒருவரே ஆடும் ஆட்டமும் பல்லாங்குழியில் உண்டு. சீதையாட்டம், அசோகவனாட்டம், சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை தனியே இருந்து ஆடியதாம். தனியாட்டத்தின் அழகைப் பார்க்க ஒரு சோதனை செய்யலாம். அடுத்தடுத்த ஏழு குழியில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என்று காய் வையுங்கள். ஏழுள்ள குழியை அள்ளி முன்னே ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஆறு ஏழாகும், ஐந்து ஆறாகும், ஒன்று இரண்டாகும், கடைசிக் காய் வெறும் குழியில் விழுந்து ஒன்றாகும். அதே 7, 6, 5, 4, 3, 2, 1 வரிசை, ஒரு குழி தள்ளி நிற்கும். மறுபடி அள்ளினால் மறுபடி ஒரு குழி நகரும். 14 முறை ஆடினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். 28 காய்கள் ஓர் ஊர்வலம்போலப் பலகையைச் சுற்றி வருவதைப் பார்த்த பிள்ளைக்கு, எண்களுக்குள் ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. கணிதவியலார் இந்த அமைப்பை அணிவகுப்பு என்று பெயரிட்டு ஆராய்கிறார்கள். ஒவாரேயின் நெருங்கிய உறவான அவாரியை 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் முற்றும் கணக்கிட்டு முடித்தார்கள். ஏறத்தாழ 88,900 கோடி நிலைகள். இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமன் என்று தெரிந்தது. மண்ணில் விரலால் தோண்டி ஆடிய ஆட்டம் அவ்வளவு ஆழம்.

பலகை வேறு, ஆட்டம் வேறு என்ற அளவுகோல் மற்ற ஆட்டங்களுக்கும் செல்லும். ஆடு புலி ஆட்டத்துக்குப் பலகை ஒரு வசதிதான். மாடு மேய்க்கப் போன இடத்தில் கரித்துண்டால் பாறையில் கிழித்தால் போதும். 23 சந்திகள், மூன்று புலி, 15 ஆடு. புலி தாவி வெட்டும், ஆடு வெட்டாது, சூழ்ந்து அடைக்கும். நேபாளத்தின் பாக்சாலில் கட்டம் மாறி, நான்கு புலியும் 20 ஆடும் ஆகின்றன. வலியது சில, மெலியது பல என்ற விதி மட்டும் மாறவில்லை. தாயத்தின் உறவான பச்சீசி இங்கிலாந்துக்குப் போய் 1890களில் லூடோவாகத் திரும்பி வந்தது. அங்கே பகடையை எறிந்தபின் யோசிக்க மிச்சம் வைத்ததே கொஞ்சம். பரமபதமும் அதே காலத்தில் பாம்பும் ஏணியும் ஆனது. அதைப் 13-ஆம் நூற்றாண்டு ஞானதேவர் உண்டாக்கினார் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஞானச் சௌபட்டு எனப்படும் அந்த ஆட்டத்தின் நமக்குக் கிடைக்கும் பழைய படங்கள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இடையில் உள்ள ஐந்து நூற்றாண்டுகளை விருப்பத்தால் நிரப்பக்கூடாது.

இன்று மரப்பலகைகள் மறுபடி கடைக்கு வந்துவிட்டன. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம், சென்னையில் கிரீடா போன்ற அமைப்புகள் இந்த ஆட்டங்களைத் தேடித் தொகுத்து, அழகாகச் செய்து தருகின்றன. தொலைபேசித் திரையை விட்டு ஒரு பிள்ளை குழியில் காய் போடுவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஒரே ஒரு கவலைதான். பெட்டிக்குள் வைக்கும் விதித்தாளில் ஒரே விதிதான் அச்சாக முடியும். அச்சானது சரி, பாட்டி சொல்வது தவறு என்று பிள்ளை நினைத்துவிடக்கூடும். ஊருக்கு ஊர் விதி மாறுவது குறையே அல்ல. அதுதான் நம்மிடம் எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம். குழிக்கு ஐந்தா, ஆறா, பன்னிரண்டா? நடுக்குழிக்குக் காசி என்று பெயருண்டா? பசு குழிக்காரருக்கா, ஆடுகிறவருக்கா? விலக்கிய குழிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்ததுபோல மாவட்டம் மாவட்டமாக இதைக் கேட்டு எழுதி, படத்தில் புள்ளி வைத்தால், வியட்நாம் விதி எந்தக் கரையில் அடர்ந்திருக்கிறது, களஞ்சியக் குழி எங்காவது தலைகாட்டுகிறதா என்றெல்லாம் பார்க்கலாம். கல்லும் மரமும் சொல்லாத பூர்வீகத்தை அந்தப் படம் சொல்லக்கூடும். கேட்கவேண்டிய பெண்களுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

எங்கள் வீட்டிலேயே இரண்டு விதி இருந்தது. அப்பத்தா சிவகங்கைப் பக்கம். அம்மா காவிரிக்கரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வெறும் குழியைத் தடவி அடுத்த குழியை எடுக்கும்போது அம்மாவின் கை எதிர்வரிசைக் குழிக்கும் சேர்த்துப் போகும்.

"அத என்னத்துக்குத் தொடுற?" என்பாள் அப்பத்தா.

"எங்க ஊர்ல எதிர்க்குழியும் சேத்துத்தான் அத்தை எடுப்போம்."

"இது உங்க ஊரு இல்ல ஆத்தா."

அம்மா காயைத் திரும்பப் போட்டுவிடுவாள். ஆனால் அப்பத்தா ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் அக்காவுக்கும் எனக்கும் அவள் சொல்லிக்கொடுத்தது காவிரிக்கரை ஆட்டம்தான். அதனால் இன்றும் யாரோடு உட்கார்ந்தாலும், காயைக் கையில் எடுக்குமுன் நான் கேட்டுவிடுகிறேன்: எதிர்க்குழி உண்டா, இல்லையா?